நான் சொன்ன ‘ம்’

வகுப்பிலேயே ‘ம்’ சொல்வதில் நான்தான் முதல்.

சமூகப்பணி முதுகலையில் அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது இடையில் புகாதே, அறிவுரை சொல்லாதே, தீர்ப்பளிக்காதே. அவர் மூச்சு விடும் இடத்தில் தலையை லேசாக அசைத்து ஒரு ‘ம்’ மட்டும் சொல். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதே அதன் பொருள் என்று பாடக்குறிப்பில் இருந்தது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து பழகினோம். என் ‘ம்’ கிணற்றில் விழுந்த கூழாங்கல் மாதிரி, சத்தம் அடங்கிய பிறகும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்று ஒரு தோழி சொன்னாள். அன்று கடற்கரையோரமாக நடந்தே சாந்தோமில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். உலகத்தில் யார் என்ன சொன்னாலும் அலைகள் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன, அதனால்தான் எல்லோரும் அங்கே போய் உட்காருகிறார்கள் என்று தோன்றியது.

களப்பணிக்கு என்னை மந்தைவெளியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் போட்டார்கள். அடையாற்றங்கரையில் குடியிருந்த நூற்றுச் சொச்சம் குடும்பங்களை நகரத்துக்கு வெளியே கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாற்றப்போகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்தோடும் ஆறு முறை உட்கார்ந்து பேசி மனதைத் தயார்படுத்துவது எங்கள் வேலை. ஆறாவது முறையின் முடிவில் ‘எனக்குச் சம்மதம்’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வீட்டுக்குச் சாமான் ஏற்ற எந்த நாளும் லாரி வரலாம். போடாத வீட்டை விசாரணைக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் எதுவும் செய்ய முடியும்.

எனக்கு வந்தது தேவானை அக்காவின் குடும்பம். காந்தி நகரில் மூன்று வீடுகளில் சமையல் வேலை. கணவர் இறந்து எட்டு வருடம். ஒரே மகள் ஜோதிலட்சுமி, மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ. ஒற்றை அறை வீடு. வெள்ளம் ஏறி நின்ற உயரத்தில் சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அதற்கு ஒரு சாண் மேலே மகளின் தேர்வு அட்டவணையை ஒட்டியிருந்தார்.

அவர் பேசினார். நான் கேட்டேன். கணவர் கடைசியாக மருத்துவமனைக்குப் போன நாள், சமைக்கும் வீடுகளில் தனக்கென்று ஒதுக்கி வைத்த டம்ளர், ஆற்று நாற்றம் வெளியாட்களுக்குத்தான் தெரியும் என்ற வேடிக்கை, எல்லாவற்றுக்கும் சரியான இடத்தில் ‘ம்’ சொன்னேன். நான்காவது முறை போனபோது பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“பொண்ணு பரீச்ச முடியிற வரைக்கும் எங்கள அசைக்க மாட்டாங்க. அப்டித்தான பாப்பா?”

“ம்” என்றேன்.

எனக்குக் கேள்வி காதில் விழவில்லை. கேள்விக்குப் பின்னால் இருந்த பயம்தான் விழுந்தது. அப்படிக் கேட்கத்தான் பழக்கியிருந்தார்கள். குறிப்பேட்டில், ‘மாற்றத்தை ஏற்க இன்னும் தயாரில்லை, மறுப்பு நிலை’ என்று எழுதினேன். ஆறாவது முறை அக்கா தயங்காமல் கையெழுத்துப் போட்டார். நான் கேட்ட விதத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், எந்த வரிசை என்று காலி செய்ய வேண்டும் என்ற பட்டியலை ஒட்டினார்கள். அவர்கள் வரிசைக்கு இருபத்தோராம் தேதி. மார்ச் முதல் வாரம் தொடங்கும் தேர்வு அந்த மாதக் கடைசியில்தான் முடியும். புது இடத்திலிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ், இரண்டு மணி நேரம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வேலை முடித்த ஈரப் புடவையோடு அக்கா நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அங்கே எனக்கு மேற்பார்வையாளர் வைதேகி மேடம். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“பரீச்ச வரைக்கும் அசைக்க மாட்டாங்களானு உன்ன கேட்டேன். இன்னா சொன்ன நீ?”

மேடம் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்காவை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். அந்த ‘ம்’ ஒரு பயிற்சி. கவனமாகக் கேட்கிறோம் என்பதற்கு அடையாளம். அதில் உறுதிமொழி எதுவும் கிடையாது, நீங்கள்தான் தவறாக எடுத்துக்கொண்டீர்கள்.

அக்கா முழுவதையும் கேட்டார்.

“ரேசன் கடைல பாமாயில் வந்துச்சானு கேட்டா ம்-ன்றான். போய்ப் பாத்தா வந்துகீது. எம் பொண்ண துன்னியானு கேட்டா ம்-ன்றா. துன்னுகீறா. உங்களுக்கு மட்டும் இன்னா மேடம், ம்-க்கு வேற பாஷ வச்சிகிறீங்களா?”

பக்கத்து மேசையில் என் வகுப்புத் தோழன் ஃபிரெட்ரிக் சிரிப்பை அடக்க இருமினான்.

உங்கள் கோபம் இயல்பானது, இழப்பை ஏற்கும் படிகளில் மறுப்புக்கு அடுத்து கோபம்தான் வரும், இன்னொரு முறை உட்கார்ந்து பேசலாம் என்றார் மேடம். கோபமெல்லாம் இல்லை, காகிதத்தைக் கொடுங்கள் என்றார் அக்கா. கையெழுத்தான படிவத்தைத் திருப்பித் தர முடியாது, நாளைக்கு எல்லாக் கோப்புகளும் இடமாற்ற அலுவலகத்துக்குப் போகின்றன என்று மேடம் சொன்னதும், அக்கா வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று மாலைச் சமையலுக்குப் போவதாக இல்லை என்று போனில் யாரிடமோ சொல்வது கேட்டது.

மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளத்தின்போது அதே கரையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆட்களைக் கூட்டி வந்தவர். அங்கே இன்னொரு மழைக்காலம் யாரும் இருக்கக் கூடாது என்று உண்மையாகவே நம்பினார். ‘படிவத்தின் பொருளை முழுமையாகப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்’ என்று கடைசி அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். என் களப்பணி மணிநேரத் தாள் அவர் மேசையில்தான் இருந்தது. அதில் அவர் கையெழுத்து விழாவிட்டால் எனக்கு இந்தப் பருவம் போச்சு.

“நீ அவங்களோட ரொம்ப ஒட்டிட்ட சோஃபியா. உன் குற்ற உணர்ச்சியைத் தீர்த்துக்க அவங்களைப் பயன்படுத்தாதே.”

அது என்னைத் தைத்தது. கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் அதே பாடக்குறிப்பில், ஆலோசகரின் உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் ஒன்றாக இருந்தால்தான் உறவு என்றும் எழுதியிருந்தது. தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

“எங்க வீட்லயும் ம்-னா ஆமாதான் மேடம்” என்றேன்.

“நீ அந்த அர்த்தத்துல சொல்லலையே.”

“அவங்க அந்த அர்த்தத்துலதான் கேட்டாங்க.”

வெளியே வந்து பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தி எழுதினேன். நான்காவது சந்திப்பில் அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், அதை நம்பித்தான் அவர் கையெழுத்திட்டார் என்ற செய்தி. சம்மதம் கொடுத்தவருக்கு அதைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு, ஒரு கடிதம் போதும், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“வேணாம். நீ எழுதுனா அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்வாங்க.”

ஐந்தாவது வரை படித்தவர். நான்கு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ‘என் மகள் பரீட்சை முடியும் வரை போக மாட்டேன்’ என்ற வரியை மட்டும் இரண்டு முறை எழுதியிருந்தார். ஒன்றை அடித்துவிடச் சொல்லவில்லை நான்.

இரண்டு காகிதங்களோடு தி. நகரில் இருந்த இடமாற்ற அலுவலகத்துக்கு பஸ்ஸில் போனோம். அங்கிருந்த அதிகாரி என் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லையே என்றார். அவர் போடமாட்டார், நான் போட்டிருக்கிறேன் என்றேன். இப்படி எழுதிக் கொடுத்தால் பிரச்சினை உங்களுக்குத்தான் என்று நிஜமான அக்கறையோடு சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“‘ம்’ன்னீங்களா, ‘ஆமா’ன்னீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“ம்-ன்னேன். ரெண்டும் ஒண்ணுதான் சார். நாளைக்கு யார் முன்னால கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.”

பெருமூச்சு விட்டார். சம்மதம் திரும்பப் பெறப்பட்டது, விசாரணைக்குப் பிறகே முடிவு, அதுவரை அந்த வீட்டைத் தொட மாட்டோம், விசாரணைக்கு அடுத்த காலியான தேதி ஏப்ரல் பத்து என்றார். அக்கா நகரவில்லை.

“எழுதி குடுங்க சார். வாயால வேணாம்.”

எழுதினார். முத்திரையும் குத்தினார். அக்கா தேதியை விரலால் தொட்டுப் படித்துவிட்டுத்தான் காகிதத்தை வாங்கினார்.

படியிறங்கும்போது என் போனில் மேடத்தின் செய்தி வந்திருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம், மணிநேரத் தாள் கையெழுத்தில்லாமல் கல்லூரிக்குப் போகிறது. படித்துக் காட்டினேன். அக்கா பரிதாபப்படவில்லை. நான் அதை எதிர்பார்த்திருந்தேன் போல, வெட்கமாக இருந்தது.

“காலேஜ்ல இன்னொரு தபா படி. இன்னா இப்போ” என்றார். “ஆனா எங்க ஊட்டுப் பக்கம் வராத. பரீச்ச முடியிற வரைக்கும் ஒருத்தரும் பேச வரக்கூடாது. எம் பொண்ணு படிக்கணும்.”

அடையாறு பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

மறுநாள் கல்லூரியில் துறைத்தலைவர் என்னை அழைக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கே அவர் அறைக்குப் போய், அறிக்கையின் நகலை மேசைமேல் வைத்து, இதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன் என்று முதலில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.