ஷாஃப்ட் சாய்வில் ஒரு கழுத்துப்பட்டி

ராபர்ட்சன்பேட்டையில் தையல் கடை வைத்திருந்த எனக்கு எதிரிகள் கிடையாது. மச்சான் ஏகநாதன் ஒருவனே போதுமானவனாக இருந்தான்.

அறுபத்து நாலாம் வருடம். தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்த டக்ளஸின் மகள் ஐரினுக்கு அன்று காலை பத்து மணிக்குச் சர்ச்சில் கல்யாணம். வெள்ளை சாட்டின் கவுனில் கழுத்து விளிம்புப் பட்டி மட்டும் பாக்கி. சாட்டினில் ஊசி போட்டால் தடம் தெரியும். அதற்கு என் சொந்த வித்தை ஒன்று உண்டு. சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டியின் பின்பக்கம் ஜவ்வரிசிக் கஞ்சி தடவிக் காயவைத்து, விளிம்பில் மடித்து, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டினதுதான். ஒரு முறை என் சட்டைக் கை மேஜையோடு ஒட்டி, மூன்று நாள் மேஜையோடுதான் சாப்பிடப் போனேன்.

என் தப்பு, இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வாங்கப் போகும்போது பட்டியைச் சாய்வாக வெட்டிவைக்கும்படி மச்சானிடம் சொன்னது. சுரங்கத்தில் முப்பது வருடம் மரம் வைத்து முட்டுக்கொடுத்தவன். ரிட்டயர் ஆனதிலிருந்து என் கடைக்கு முட்டுக்கொடுக்கிறான்.

திரும்பி வந்து, கஞ்சி தடவிக் காயவைத்து, கழுத்தில் வைத்துத் தேய்த்தேன். வளைவு வந்ததும் பட்டி சேவல் கொண்டையாக நிமிர்ந்தது. துணியின் மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்தால் வருமே, அந்தச் சரிபாதிக் கோணத்தில் வெட்டினால்தான் பட்டி இழுபடும், வளையும். இது எந்தக் கோணம் என்று கேட்டேன்.

"சுரங்கத்துக்குள்ள எறங்குற எங்க ஷாஃப்ட்டு சாய்வு மாமா. முப்பது வருசத்துல அந்த சாய்வுல ஒரு மரங்கூட நழுவல."

பட்டியில் குறையில்லை, நான்தான் கழுத்தை வளைவாக வெட்டித் தொலைத்தேன் என்றும் சொன்னான்.

பிய்க்கப் பார்த்தேன். கஞ்சி என்னுடையது, வரவில்லை. எட்டு மணிக்கு ஐரின் அப்பாவோடு கவுன் வாங்க வந்து நின்றாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கத்தரிக்கோலை ஒளித்துவைத்தேன். டக்ளஸ் பட்டியை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இன்னா ஏகநாதன், இதுவா ஷாஃப்ட்டு சாய்வு? ரெண்டு டிகிரி கம்மி."

அவ்வளவுதான். இருவரும் துணியில் கோடு போடும் என் சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட உட்கார்ந்தார்கள். கோட்டிலேயே சுரங்கத்துக்குள் லெவல் லெவலாக இறங்கினார்கள். எட்டாயிரம் அடி போயிருப்பார்கள். கடைக்குள் சூடு தாங்கவில்லை.

ஐரின் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கழுத்தோட வெட்டிப் போடுங்க அங்கிள்," என்றாள்.

வெட்டினேன். கழுத்து ஓர் அங்குலம் இறங்கியது. புதுப் பட்டிக்குத் துணி ஏது? தரையில் இழுபடும் கவுனின் வாலை அவளே எடுத்து, மூலை மடித்து, நறுக்கிக் கொடுத்தாள். கஞ்சி காய அவள் விசிற, நான் தேய்த்தேன். பட்டி வளைவோடு வளைந்து படுத்தது.

பத்து மணிக்குச் சர்ச் வாசலில் டக்ளஸும் மச்சானும் குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். மகளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போக வேண்டியவர் நிமிரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டாள். ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீங்க வாங்க அங்கிள்," என்று ஐரின் என் கையைப் பிடித்தாள்.

தோளில் இஞ்ச் டேப்போடு நான்தான் அவளை உள்ளே அழைத்துப் போனேன்.