குறுக்குவாக்கில் நான்கு பக்கங்கள்

பன்னிரண்டு மணிக்குள் கோப்பு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் வலிப்பு நோய் மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று மாதம் ஆகும். ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவை நடத்துகிற பெண்மணி, அங்கே எல்லோருக்கும் 'மாஸ்டர்', அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் பத்தரை மணிக்குப் பிரிண்ட் கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவருடைய தம்பி. அவனுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை, வாரத்தில் மூன்று நாள் இரவு ஷிப்ட்.

தம்பியின் வலிப்பைப் பற்றி மாஸ்டர் தினமும் போனில் ஓர் அட்டவணையில் பதிந்துவந்தார். தேதி, மாத்திரை சாப்பிட்ட நேரம், அளவு, வலிப்பு வந்ததா, எத்தனை நிமிடம் என்று பத்துப் பத்திகள். முந்தைய நாள் எவ்வளவு தூங்கினான், எந்த ஷிப்ட் என்ற இரண்டையும் மருத்துவர் கேட்ட பிறகு கடைசியில் சேர்த்திருந்தார். விரலால் தள்ளினால் போனில் எல்லாம் தெரியும். இதுவரை மின்னஞ்சலில்தான் அனுப்பினார். இந்த முறை படிவத்தோடு தாளாகவே கேட்டுவிட்டார்கள்.

போன தடவை மருத்துவர், "தூக்கத்தையும் எழுதச் சொன்னேனே" என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். "அக்கா எழுதுறாங்களே டாக்டர்" என்றிருக்கிறான். அவர் மின்னஞ்சலிலிருந்து எடுத்து வைத்திருந்த தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் மாத்திரையைக் கூட்டிவிட்டார். அன்று பிடித்த கை நடுக்கம் இன்னும் விடவில்லை. இன்னொரு படி கூட்டினால் அடுப்பருகே நிற்க விடமாட்டார்கள்.

கடைக்காரர் இரண்டே விரலால் தட்டச்சு செய்வார். அக்கம்பக்கத்துக் கடைகள் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைக்க, அவர் அதையே பலகையிலும் எழுதி மாட்டிவிட்டார்.

முதல் பிரதி வந்தது. மாஸ்டர் படிவத்தைத் தாண்டி, அட்டவணை தொடங்கும் நான்காம் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். பத்தாவது பத்தியோடு தாள் முடிந்திருந்தது.

"அண்ணே, கடைசி ரெண்டு பத்தி எங்க?"

"தாள்ல இடம் இருந்தாத்தானேம்மா வரும்? அகலம் பத்தல. வெளிய போயிடுச்சு."

"அப்ப இத்தன நாளும் மெயில்ல போனது?"

"அங்க பிரிண்ட் எடுத்திருந்தா இதேதான்."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எழுதவே இல்லைன்னு நினைச்சுத்தான் அந்த ஆளு டோஸைக் கூட்டிட்டாரு. ஒரு நாளாவது நான் தாள்ல எடுத்துப் பார்த்திருக்கணும்."

"விடுக்கா" என்றான் தம்பி. "அழுறதுன்னா பன்னிரண்டுக்கு மேல அழு."

எக்ஸ்பிரஸ் எழுத்தைச் சுருக்கிப் பார்த்தார். பன்னிரண்டு பத்தியும் வந்தன, எறும்பு வரிசையாக.

"இதுக்கு டாக்டருக்கு ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கித் தரணும்" என்றான் தம்பி.

"பெரிய மனுஷா, சும்மா இரு." எக்ஸ்பிரஸ் பக்கத்தைக் குறுக்குவாக்கில், லேண்ட்ஸ்கேப்புக்கு மாற்றினார். அட்டவணை சுகமாக விரிந்தது. ஆனால் எல்லாப் பக்கங்களும் சேர்ந்து படுத்துக்கொண்டன. முன்னால் இருந்த மூன்று பக்கப் படிவம் ஐந்தாகிப் போனது. கையெழுத்துக் கட்டம் தனியாக ஒரு தாளில் கிடந்தது. படிவத்தின் தலைப்பிலேயே, நெட்டுவாக்கில் இல்லாவிட்டால் ஏற்கப்படாது என்று இருந்தது.

"அட்டவணை மட்டும் படுத்தாப் போதும்ணே. அதுக்கு வழியில்லையா?"

"இருக்கு. இரு, இரு." அட்டவணைக்கு முன்னால் கர்சரை வைத்து, கோப்பை இரண்டு பகுதியாகப் பிரிக்கும் ஒரு செக்ஷன் பிரேக் போட்டு, முன்பகுதியை நெட்டுவாக்குக்கு மாற்றினார். இப்போது படிவம் நிமிர்ந்தது, ஆனால் அட்டவணைக்குப் பின்னால் இருந்த ஒப்புதல் கடிதம் எழுந்திருக்கவில்லை. எக்ஸ்பிரஸ் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ஆரம்பத்துல போட்டவன் முடிவுலயும் போடணும்ல?" அட்டவணையின் முடிவிலும் ஒரு பிரேக் போட்டார். கடைசிப் பகுதியை மட்டும் நெட்டுவாக்கில், போர்ட்ரெய்ட்டாக மாற்றினார். மூன்று பக்கம் நின்றன, நான்கு பக்கம் படுத்தன, கடிதம் நின்றது.

மணி பதினொன்றேகால்.

மாஸ்டருக்குப் பழக்கம் விடவில்லை. வெட்டுவதற்கு முன் துணியில் பார்ப்பதுபோல, மேசை மேலிருந்த அடிக்கோலை வரிசை வரிசையாக வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது தாளில் அடிக்கோல் நின்றது. மறுபடி முதல் தாளுக்குப் போனார்.

"டேய், இங்க வா. வலிப்பு வந்த ஏழு நாளையும் பாரு."

தூங்கிய மணிநேரம்: மூன்று, மூன்றரை, இரண்டு, மூன்று, இப்படியே ஏழும். ஏழுக்கும் முந்தைய நாள் இரவு ஷிப்ட். தினமும் ஒரு வரி எழுதிய கைதான், மொத்தமாக ஒருநாளும் படித்ததில்லை.

தம்பி அடிக்கோலை வாங்கி ஏழு வரியிலும் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தான். பிறகு, "நேரமாச்சுக்கா" என்றான்.

பதினொன்று ஐம்பதுக்குக் கோப்பு மருத்துவமனை மேசையில் இருந்தது.

மறுநாள் மருத்துவர் படுத்த தாள்களைக் குறுக்கே திருப்பிப் படித்தார். "இதைத்தானே கேட்டேன்? ஏன் முன்னாடியே காட்டல?"

"நாங்க காட்டினோம் டாக்டர். தாள்தான் காட்டல" என்றார் மாஸ்டர்.

மருத்துவர் சிரிக்கவில்லை. தன்னிடமிருந்த பழைய தாளை எடுத்து, அதன் வலது ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நானும் கேட்டிருக்கணும்" என்றார். மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்து, பேக்கரிக்குப் பகல் ஷிப்ட் மட்டும் தரச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

ஏழு வாரம் கழித்து மாஸ்டர் பிரிண்ட் கடைக்குப் போனார். வரிசையில் நான்கு பேர். தன் முறை வரும்வரை நின்றார்.

"என்னம்மா பிரிண்ட்?"

"ஒண்ணுமில்லண்ணே. தம்பிக்கு அதுக்கப்புறம் ஒரு தடவைகூட வரல. கை நடுக்கமும் போயிடுச்சு. பகல்ல வேலைக்குப் போறான். உங்களுக்கு ரொம்ப நன்றி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எக்ஸ்பிரசுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சரியாக அடுக்கியிருந்த தாள்கட்டை மறுபடியும் தட்டி அடுக்கினார். "தாளைத் திருப்பினேன், அவ்வளவுதான். இதுக்குப் போயா?"

"இத்தன மாசமா யாரும் திருப்பலையேண்ணே."

பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "முடிஞ்சுதாம்மா?" என்றார்.

"இல்லைங்க, இன்னொரு தடவை சொல்லணும்" என்ற மாஸ்டர், திரும்பி, மறுபடியும் நன்றி சொன்னார்.