மசோதாவுக்கு ஒரு தேதி

சட்டமன்றக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து தேர்தலுக்குப் பணம் கேட்டு போன் செய்வது எங்கள் மாநிலத்தில் குற்றம். அதனால் எங்கள் செனட்டர்கள் தெருவைக் கடந்து, பீட்சாக் கடை மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில் உட்கார்ந்து கேட்பார்கள். தெருவைக் கடந்துவிட்டால் யோக்கியர்களாம்.

செனட்டர் ராய்ஸ் ஹால்டேனை அந்த அறைக்கு முதலில் கூட்டிப்போனவளே நான்தான். பல தேர்தல்களுக்கு அவனுக்காக நிதி திரட்டினேன். அது புளித்துப்போய், நகரத்தின் கிழக்குப் பகுதி வீடுகளில் ஈயக் குழாய்களை மாற்றப் போராடும் தொண்டு நிறுவனத்துக்குத் தலைவியானேன். அந்தக் குழாய்களில் வரும் தண்ணீர் அங்கே பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறது. நாங்கள் எழுதிக்கொடுத்த மசோதா ராய்ஸ் தலைமை வகிக்கும் குழுவில் தூங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அவன், மக்கள் வந்து கருத்துச் சொல்லும் விசாரணைக்குத் தேதி வைக்காவிட்டால், இந்த வருடம் அதற்குச் சமாதிதான்.

அலுவலகத்தில் அவன் கண்ணிலேயே படவில்லை. பீட்சாக் கடை மாடி ஏறினேன்.

ராய்ஸ் போனை ஒலிபெருக்கியில் போட்டு, பால் பண்ணை முதலாளி ஓடெட் பிரிங்க் அம்மாளிடம் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "ஒரு நிமிஷம் மேடம்" என்று ஒரு பொத்தானை அழுத்தினான். தவறான பொத்தான். இணைப்பு அப்படியே இருந்தது. அந்த போனில் எனக்குத் தெரியாத பொத்தான் கிடையாது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

"வா வெர்லீன்! வழி தெரிஞ்சுதா?"

"விசாரணைக்குத் தேதி குடு, போயிடறேன்."

"தாராளமா தரேன். அடுத்த மாசம் எனக்கு நிதி திரட்ட ஒரு விருந்து. உன் பேர்ல அழைப்பு போகட்டும், உன் பழைய ஆளுங்க வந்து பணத்தைக் கொட்டுவாங்க."

"தொண்டு நிறுவனம் அதைச் செய்யக் கூடாது. உனக்கே தெரியும்."

"யாருக்குத் தெரியப்போவுது? விருந்து நடந்தா விசாரணை நடக்கும். அவ்ளோதான்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே ராய்ஸ்" என்றது போன்.

அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம்.

"வெர்லீன், நான் சொல்லவா? நான் சொன்னா இப்பவே தேதி வைப்பான்" என்றார் ஓடெட்.

ஆசையாகத்தான் இருந்தது. பள்ளியில் தன் பெயரைக்கூட எழுதத் திணறும் பிள்ளைகள் கண்ணுக்குள் நின்றார்கள். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"வேணாம் மேடம். இன்னிக்கு உங்க பணம் சொல்லுதுன்னு தேதி வைப்பான். நாளைக்கு வேற எவன் பணமோ சொல்லும், நிறுத்துவான். நான் இவனைத்தான் கேக்கறேன். எந்தத் தேதி, ராய்ஸ்?"

நிதி திரட்டும் எங்கள் தொழிலில் கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் பேசுபவர் தோற்றுப்போவார். அவனுக்கும் அது தெரியும். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். தண்ணீர் குடித்தான். போனில் ஓடெட்டின் மூச்சு மட்டும் கேட்டது. நான் கைகட்டி நின்றேன். அவன் முடியாது என்றால் என்னிடம் வேறு வழியே இல்லை.

"வியாழக்கிழமை, காலைல" என்றான் கடைசியில். "இதோட சரி. இனிமே எங்கிட்ட எதையும் கேட்டு வராதே."

"எப்படி வராம இருப்பேன்? வியாழக்கிழமை கிழக்குப் பகுதித் தாய்மாருங்க எல்லாரையும் கூட்டிட்டு வரேன். நீ எனக்குப் பதில் சொல்ல வேணாம். அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."