நாற்பதே நிமிடம்

எங்கள் வட்டாரத்துக்குத் தொழிற்சாலைகளை வரவழைப்பதுதான் என் வேலை. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். உண்மையில் கையேடு அச்சடிப்பது, காலி நிலத்தைக் காட்டுவது, வந்தவர்கள் போனதும் டீ கப்புகளை எடுத்து வைப்பது, அவ்வளவுதான். நான்கு வருடத்தில் எண்பது பேர் வந்தார்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கையேட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி உண்டு: 'பெருநகரத்திலிருந்து நாற்பதே நிமிடம்.' எழுதியவள் நானேதான். ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில் அலுவலக ஜீப்பில் போய் அளந்தோம். ஈ காக்கை இல்லாத சாலையில் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. "நாற்பதுன்னு போடும்மா, பாக்க லட்சணமா இருக்கும்" என்றார் மேலதிகாரி. போட்டேன்.

அந்த நாற்பது நிமிடம் என் கணவருக்கு மட்டும் பேருந்தில் இரண்டு மணி நேரமாக நீண்டுவிடும், அதுவும் ஒரு வழிக்கு. நகரத்தில் அவர் வெல்டர். மகள் எழுவதற்கு முன் கிளம்புவார், அவள் தூங்கிய பிறகு வருவார். அவளுக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆள். அவருக்கு இங்கேயே ஒரு வேலை அமைந்துவிடாதா என்று ஒவ்வொரு கம்பெனிக்காரர் வரும்போதும் நான் ஏங்குவேன்.

இந்த முறை வந்தவர் மருத்துவமனைக் கட்டில் தயாரிக்கும் முதலாளியம்மா. உட்கார்ந்ததும் கையேட்டைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது நிஜமா?"

"ஆமா மேடம், ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் மேலதிகாரி.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இங்கேர்ந்து யாராவது தினமும் போய் வராங்களா?"

"எங்க வீட்டுக்காரர் போறார், மேடம்."

"அவருக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

மேசைக்கு அடியில் மேலதிகாரியின் ஷூ என் காலை அழுத்தியது. உண்மையைச் சொன்னால் இவரும் எண்பத்தொன்றாவது ஆளாகப் போய்விடுவார், என் கணவருக்கு இங்கே அமையக்கூடிய வேலையும் கூடவே போய்விடும். ஆனால் அவர் நின்றுகொண்டே தூங்கி வருகிற பயணத்தை நாற்பது நிமிடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரெண்டு மணி நேரம் மேடம். மழை பெய்ஞ்சா கேக்கவே வேண்டாம். அந்த வரிய எழுதினது நான்தான். தப்புதான்."

மேலதிகாரி தண்ணீர் குடித்தார். முதலாளியம்மா கைப்பையிலிருந்து கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"நேத்து சாயங்காலம் உங்க பஸ்லதான் வந்தேன். ரெண்டு மணி பத்து நிமிஷம், நின்னுக்கிட்டே. பக்கத்துல நின்னவங்ககிட்ட என்ன வேலைன்னு கேட்டேன். அஞ்சு பேர் வெல்டர். நான் வெல்டர் கிடைக்காம அல்லாடிட்டு இருக்கேன், இங்க அவங்க படியில தொங்கிட்டு வராங்க. நிலம், தண்ணி, காத்து எல்லாம் எழுதியிருக்கீங்க. இவங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லையே?"

இல்லைதான். ஒரு வெல்டரின் மனைவி உட்கார்ந்து எழுதிய கையேடு அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"முதல்ல அந்த நாற்பத அடிங்க, அப்புறம் நிலத்தப் பாக்கலாம்" என்றார். பேனாவை எடுத்துக் கொடுத்தது மேலதிகாரிதான்.

மறு வருடம் கட்டில் தொழிற்சாலை திறந்தது. முதல் நாள் வேலை முடிந்து, வெயில் தாழுமுன்பே சாப்பாட்டுப் பையோடு என் கணவர் வாசலில் வந்து நின்றார். தரையில் படுத்து எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாப்பா?"

"செவ்வாய்க்கிழமை கண்ணு."

பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்போ எப்ப திரும்பிப் போவே?"

செருப்பைக் கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில, எட்டு மணிக்கு. உன்ன ஸ்கூல்ல விட்டுட்டுதான் போவேன்."