கிழிக்காத மூன்று தாள்கள்

வாடகை நாற்காலிகளைக் கடைக்காரர் வரிசையாகத்தான் போட்டுவிட்டுப் போனார். ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு. ஆசிரியர்கள் வந்து உட்கார உட்கார வரிசை கலைந்தது. ஒருவர் தன் நாற்காலியைச் சற்றுத் திருப்பினார். பின்னால் இருந்தவர் தன்னுடையதை முன்னால் இழுத்தார். அரை மணி நேரத்தில் வாசல் முழுவதும் நான்கு நான்கு பேராக வட்டம் கட்டி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பதினோரு வருடப் பழக்கம்.

தேநீர்த் தட்டோடு வந்த சின்னவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பாத்தியா?" என்றார் அத்தான், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. "உள்ள படுத்துக்கிட்டே ட்ரெயினிங் எடுக்கறா உங்க அக்கா."

அவர் கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சின்னவளும் சிரிக்கப் பார்த்தாள். தட்டை முதல் வட்டத்துக்கு எடுத்துப் போனாள்.

முந்தைய நாள் காலையில் அலுவலகத்தில் மயங்கி விழுந்த அக்கா, இன்று விடியும்போது மருத்துவமனையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மயானத்துக்கு எடுத்துப்போக நாலு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி இரண்டு.

அக்கா பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்வது கஷ்டம். மாவட்டத்தில் முப்பத்தெட்டு உயர்நிலைப் பள்ளிகள். அவற்றில் எந்தப் பாடத்தை எந்த மாதம் நடத்துவது, எதற்குப் பிறகு எது வரவேண்டும் என்று முடிவு செய்வது அவள். நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி தருவதும் அவள். நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற ரகமில்லை. தினம் ஒரு பள்ளிக்குப் போய் ஏதாவது ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். 'பின்பெஞ்சு மேடம்' என்று பெயரே வந்துவிட்டது. கையில் ஒரு நோட்டு. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஆசிரியர் என்ன சொன்னார். வலது பக்கம் அதே நிமிடத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள். அவ்வளவுதான். நன்று, நன்றில்லை என்று ஒரு சொல் இருக்காது. மணி அடித்ததும் அந்தத் தாளைக் கிழித்து ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிடுவாள். நகல் கிடையாது. "இது உங்களோடது. வலது பக்கத்தை மட்டும் ராத்திரி ஒரு தடவ படிச்சுப் பாருங்க" என்பாள். அப்படிப் படித்துவிட்டு அழுதவர்கள் உண்டு. அழுதுவிட்டு மறுநாள் வேறு மாதிரி பாடம் நடத்தியவர்களும் உண்டு. அவர்கள்தான் வாசலில் வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா நுழையாத ஒரே வகுப்பு சின்னவளுடையது. சொந்தக்காரர்களின் வகுப்பை நான் பார்க்கமாட்டேன் என்று பதவி ஏற்ற அன்றே அறிவித்துவிட்டாள். நியாயம்தான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவளுக்கு அது உறுத்தியது. நேற்று வேலைக்கு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு தாளை மடித்து டைரிக்குள் வைத்துக்கொண்டு திரிய, தன் கை மட்டும் காலி. அதோடு பள்ளியில் எல்லோரும் அவளை 'சின்ன மேடம்' என்றார்கள். அதுவும் பிடிக்கவில்லை.

உள்ளே சித்தி சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"ஏன்டி, இந்தச் சார்ட்டைச் சுருட்டி ஓரமா வச்சா என்ன? ஃப்ளாஸ்க்கை என் தலை மேலயா வைக்கறது?"

"வேண்டாம் சித்தி. ஜன்னல் கட்டைல வைங்க."

"மூணு வாரமா இந்த வீட்ல தட்டை மடில வச்சுத்தான் சாப்பிடறாங்களாம். அப்படி என்ன புதையல் இதுல?"

"அவ கேட்டா. நேத்து ஆஸ்பத்திரில. 'யாரும் காபி டம்ளர் வைக்காம பாத்துக்கோ'ன்னு."

சித்தி ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மேசை முழுவதையும் மூடியிருந்தது அடுத்த ஆண்டின் ஒன்பதாம் வகுப்பு. இடமிருந்து வலமாகப் பத்து மாதங்கள். மேலிருந்து கீழாகப் பாடங்கள். ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் ஒரு வண்ணத்தாள் பட்டை. எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நீளம். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே குண்டூசியில் சுற்றிய நூல். இது தெரிந்தால்தான் அது புரியும் என்றால், இதிலிருந்து அதற்கு ஒரு நூல். நூலெல்லாம் இடமிருந்து வலமாகப் போனால் நிம்மதி. ஏதாவது ஒன்று பின்னோக்கிப் போனால், எங்கோ ஒரு பிள்ளை இன்னும் கற்காத ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

போன வருடம் அப்படி ஒரு நூலைத்தான் அக்கா கண்டுபிடித்தாள். மூன்றாம் மாதம் வேதியியலில் கரைசல் கலக்கும் கணக்கு. அதற்கு விகிதம் தெரிய வேண்டும். விகிதமோ கணக்குப் புத்தகத்தில் ஆறாம் மாதம். "பிள்ளைக்கு கெமிஸ்ட்ரி வரலேன்னு திட்டிட்டு இருக்கோம். வராதது விகிதம்" என்று கூட்டத்தில் சொல்லி, விகிதத்தைத் தூக்கி முதல் மாதத்தில், முதல் நாளிலேயே போட்டாள்.

சின்னவள் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் எதிர்த்தாள். "பின்னமே ஒழுங்கா தெரியாம வர்ற பிள்ளைங்க. அரையும் கால்பங்கும் கூட்டத் தெரியாதவன்கிட்ட மூணுக்கு ரெண்டுன்னா என்ன புரியும்? முதல்ல ரெண்டு வாரம் பின்னம் வேணும்."

"ரெண்டு வாரம் எங்க இருக்கு? நீயே வந்து சார்ட்ல காட்டு," என்றாள் அக்கா.

காட்ட முடியவில்லை. அறை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, ஆனாலும் சின்னவளுக்கு அந்தச் சிரிப்பு முழுவதும் அக்காவுடையதாகவே பட்டது.

பள்ளி திறந்ததும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் வழியில் நடத்தினாள். ஆளுக்கொரு காகிதப் பட்டை கொடுத்து, மடிக்கச் சொல்லி, இரண்டு வாரம் பின்னம். பிறகுதான் விகிதம். அதோடு நின்றிருந்தால் அது வெறும் பிடிவாதம். மாதாமாதம் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் பாடப் பதிவேட்டில், அந்த இரண்டு வாரமும் 'விகிதம்' என்று எழுதினாள். பயிற்சி ஒன்று, பயிற்சி இரண்டு என்று எண் போட்டு எழுதினாள். பதிவேடு திரும்பி வந்தபோது பச்சை மையில் அக்காவின் கையெழுத்து, பக்கத்தில் 'பார்த்தேன்' என்று ஒரு சொல்.

பொய் எழுதியது நெஞ்சில் முள்ளாக நின்றது. அக்காவை ஏமாற்றியது ஒரு பக்கம். அதைவிட, முப்பத்தெட்டுப் பள்ளிப் பதிவேடுகளையும் நம்பித்தான் அவள் இந்த நூலையெல்லாம் கட்டுகிறாள். ஒரு பொய்ப் பட்டை போதும், சார்ட்டே பொய்யாகிவிடும். நேற்று மாலை அதைச் சொல்லிவிடலாமென்றுதான் போனாள். அக்கா கட்டிலில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, சார்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும்தான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நீ முதல்ல கேளு."

அப்போது நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். "சரி, வீட்டுக்கு வந்ததும் பேசிக்கலாம். ஓடியா போகுது?" என்றாள் அக்கா.

என்ன கேட்க நினைத்திருப்பாள்? பதிவேட்டைத்தான். வேறென்ன? தெரிந்தேதான் போயிருக்கிறாளா, தெரியாமலே போனாளா? காலையிலிருந்து சின்னவளின் மனம் இதையே சுற்றிச்சுற்றி வந்தது. இரண்டில் எது நடந்திருந்தாலும் தாங்காது போலிருந்தது.

சார்ட்டைப் பார்த்தாள். கணக்கு வரிசையில் முதல் இரண்டு வாரம் வெறும் வெள்ளையாக இருந்தது. விகிதம் அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. முடிக்காமலே போய்விட்டாள், பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

"சின்ன மேடம்."

கெமிஸ்ட்ரி சார். அவளுடைய பள்ளிதான். அவர் ஆய்வகத்துக்கும் அவள் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும். கையில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"ஒரு விஷயம். சொல்லமாட்டேன்னு மேடம் சத்தியம் வாங்கியிருந்தாங்க. இப்ப சொல்லலாமா கூடாதான்னு தெரியல."

"சொல்லுங்க சார்."

"ஸ்கூல் திறந்த புதுசுல, நீங்க பட்டை மடிச்சிட்டு இருந்தீங்க இல்ல? தடுப்பு வழியா எனக்குக் கேக்கும். நான் பயந்துட்டேன். மூணாம் மாசத்துக்குள்ள விகிதம் வராதோன்னு. நேரா போய் மேடம்கிட்ட…" குரல் இறங்கியது. "போட்டுக் குடுத்துட்டேன்."

"அப்புறம்?" என்றாள் சின்னவள்.

"மறுநாளே வந்தாங்க. உங்க கிளாஸுக்குள்ள வர முடியாதுல்ல, அவங்க ரூலு. என் லேப்ல, தடுப்பு ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. யாராவது கேட்டா டெஸ்ட் ட்யூப் எண்ணறேன்னு சொல்லுங்கன்னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள். மொத்தம் மூணு தடவ."

"என்ன சொன்னா?"

"மூணாவது நாள் எழுந்திருக்கும்போது, 'விடுங்க சார், அவ நடத்தட்டும்'னாங்க. அவ்ளோதான். இந்த வருஷம் என் கலவைக் கணக்கு ஒரே வாரத்துல முடிஞ்சுது மேடம். உங்ககிட்ட வந்து சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "பத்து மாசமா உங்களப் பாத்தா லேப் கதவைச் சாத்திக்குவேன். நீங்க கேஸ் வாடைன்னு நினைச்சிருப்பீங்க."

உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அத்தானைத் தேடிப் போனாள். அவர் அக்காவின் அலுவலகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், அவ நோட்டு இதுல இருக்கா?"

"எந்த நோட்டு? வெறும் கிழிச்ச நோட்டுதான் இருக்கு." எடுத்துக் கொடுத்தார். "எல்லாத்தையும் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்துட்டா. உள்ள மூணு தாள் மட்டும் அப்படியே இருக்கு. ஏன் குடுக்கலேன்னு நான்கூட ஒரு தடவ கேட்டேன். 'பாதித் தாளை யார்கிட்டயும் குடுக்கறதில்ல'ன்னா. என்னமோ, உங்க பாஷை எனக்கென்ன புரியுது."

நோட்டு எலும்புக்கூடு மாதிரி இருந்தது. முதுகுத் தையலோரம் கிழித்த தாள்களின் விளிம்பு மட்டும் வரிசையாக நின்றது. நடுவில் மூன்று முழுத் தாள்கள். அவற்றை விரித்தாள்.

இடது பக்கம் நிறைந்திருந்தது.

9.10: 'பட்டைய மூணா மடிங்க. சமமா வரலேன்னா பிரிச்சுட்டுத் திரும்ப மடிங்க.'

9.14: 'அவசரமில்ல.'

9.22: 'யாரும் பதில் சொல்லாதீங்க. ஒரு நிமிஷம் சும்மா பாருங்க.'

9.23: (அமைதி)

9.31: 'ஆமா. அதையே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.'

தான் சொன்னதுதான். பேசும்போது தன் குரல் இப்படி இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. 'அவசரமில்ல' என்று அன்று ஒரே வகுப்பில் ஆறு தடவை சொல்லியிருந்தாள். ஆறும் நிமிடத்தோடு பதிவாகியிருந்தது. அந்தத் தேதிக்குப் பதிவேட்டில் என்ன எழுதினாள் என்பதும் ஞாபகம் வந்தது. விகிதம், பயிற்சி இரண்டு. அதன் பக்கத்தில்தான் பச்சை மையில் 'பார்த்தேன்' இருந்தது.

கோட்டுக்கு வலது பக்கம் மூன்று தாளிலும் வெறுமை. பலகைக்குப் பின்னால் இருப்பவளுக்குக் காது உண்டு, கண் ஏது? வலது பக்கத்தின் உச்சியில், முதல் தாளில் மட்டும், பென்சிலில் ஒரு வரி: 'அவளைக் கேட்டு எழுதணும்.'

சின்னவள் நோட்டோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். இப்போது சார்ட்டைக் குனிந்து பார்த்தாள். கணக்கு வரிசையில் ஒவ்வொரு பட்டையின் வலது ஓரத்தையும் கத்தரிக்கோல் கொஞ்சம் தின்றிருந்தது. முதலில் வெட்டிய நேர் ஓரம் போய், பிறகு கையால் வெட்டிய கோணல் ஓரம். விரலை வைத்து எண்ணினாள். பத்துப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள். பத்து நாள் என்றால் பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம்தான் முன்னால் வெள்ளையாகக் கிடந்தது. முடிக்காமல் விட்டதல்ல, இடம் ஒதுக்கி வைத்தது. என்ன எழுதுவது, எத்தனை நாள் வேண்டும் என்பதையெல்லாம் கேட்டுத்தான் எழுத இருந்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். மூன்று வாரமாக யாரும் சாப்பிட உட்காராத நாற்காலி. பேனாவை எடுத்தாள். பத்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வகுப்பு கண்ணெதிரே வந்தது.

9.10க்கு நேரே எழுதினாள்: ஐந்து பேர் முதலில் பாதியாக மடித்து, பிறகு விழித்தார்கள்.

9.14: ஜன்னலோரப் பெண் பட்டையை நாக்கால் ஈரப்படுத்தி மடித்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், பிறகு அவளும் அதையே செய்தாள்.

9.22: எல்லோரும் பட்டையைப் பார்த்தார்கள். இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் தரையில் உரசின. வட்டங்கள் எழுந்துகொண்டன.

"வண்டி வந்துடுச்சும்மா," என்றார் அத்தான், கதவோரம் நின்று.

"ஒரே நிமிஷம், அத்தான்."

அவர் நோட்டைப் பார்த்தார். வெளியே திரும்பி, "கொஞ்சம் இருங்க, அவசரமில்ல," என்றார் யாரிடமோ.

9.23, அமைதி. அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பேனாவைத் தாளில் வைத்தபடி யோசித்தாள். எதை வேண்டுமானாலும் எழுதலாம், சரிபார்க்க யாருமில்லை. பிறகு, நிதானமாக, தெளிவான கையெழுத்தில் எழுதினாள்:

'தெரியவில்லை. அப்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.'