அப்பாவின் அளவு

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு சவப்பெட்டிகள் இருந்தன. நீளமானது அப்பாவுக்கு, குட்டையானது அம்மாவுக்கு. அப்பாவின் பெட்டியில் பீச் பழ வற்றல் போட்டு வைத்திருந்தோம். அம்மாவுடையதில் பட்டாணி. சமையலுக்கு எடுக்க நான்தான் ஏணியில் ஏறுவேன்.

பனிமலைப் பக்கம் மரம் கிடையாது. பலகை வேண்டுமென்றால் மாட்டு வண்டி தெற்கே கடலோரக் காட்டுக்குப் போக வேண்டும். போகப் பன்னிரண்டு நாள், பாரத்தோடு திரும்பப் பதினைந்து நாள். கோடையில் பிணம் இரண்டு நாள் தாங்காது. அதனால் முடிந்தவர்கள் பெட்டியை முன்கூட்டியே செய்து வைப்பார்கள். முடியாத வீட்டில் சாவு விழுந்தால், பெட்டி இருக்கும் வீட்டின் முன்வாசலில் வந்து நின்று கேட்பார்கள். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. அடுத்த வண்டியில் அவர்கள் பலகை கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

அப்பா ஹெர்மானஸ் லுபர்ஸ் பத்தொன்பது வயதில் வியாபாரக் கம்பெனி ஒன்றின் சிப்பாயாகக் கப்பல் ஏறியவர். சொந்த ஊர் வடஜெர்மனியில் ஒரு சதுப்பு நிலக் கிராமம். ஆள் எடுக்கும்போது கம்பத்தோடு நிறுத்தி அளந்தார்களாம். தன் தலை கம்பத்துக்கு மேலே தெரிந்தது என்று ஒவ்வொரு விருந்தாளியிடமும் சொல்வார். அந்தக் கப்பலில் எழுபது பேர் காய்ச்சலில் செத்தார்கள். சாக்கில் கட்டிக் கடலில் போட்டார்கள். இதை அவர் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. எங்களிடமும் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

நன்னம்பிக்கை முனையிலிருந்த கேப் கோட்டையில் ஐந்து வருடம் காவல் காத்தார். பிறகு ஒரு பண்ணையில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போனார். அந்தப் பண்ணைக்காரரின் இரண்டாம் மகள்தான் என் அம்மா யாகோமினா. கல்யாணம் முடிந்து, மாமனார் கொடுத்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு பனிமலைக்கு வந்தார்கள். கூடவே கத்ரைன் என்ற, அந்த மண்ணின் கொய் இனத்துப் பெண் வேலைக்கு வந்தாள். எங்கள் பைபிளின் முதல் பக்கத்தில் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. கல்யாணத் தேதி, எட்டுப் பிள்ளைகளின் பெயர்கள், அதில் நான்கு பெயர்களுக்கு எதிரே இறந்த தேதி. மிஞ்சியது மூன்று அண்ணன்களும் நானும். அண்ணன்கள் மூவரும் அம்மாவைப் போலக் குட்டை. தனித்தனிப் பண்ணை பார்த்துப் போய்விட்டார்கள்.

பெரியண்ணன் பிறந்த அதே மாதம் கத்ரைனுக்கும் ஒரு மகன் பிறந்தான். பெயர் கீவிட். அம்மாவுக்குப் பால் சுரக்காததால் இரண்டு குழந்தைகளுக்கும் கத்ரைனே பால் கொடுத்தாள். கீவிட் வளர்ந்து எங்கள் வண்டியோட்டி ஆனான். எங்கள் சமையலறை நிலையில் குனிந்து வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா, இன்னொருவன் கீவிட். அதைப் பற்றி யாரும் எதுவும் பேசியதில்லை.

பெட்டிகள் செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. பலகையைக் கொண்டுவந்தவன் கீவிட். பண்ணை பண்ணையாகப் போய் வேலை செய்யும் ஒரு தச்சன் வந்திருந்தான்.

"மாமா, வந்து படுங்க. அளவு பாக்கணும்" என்றான்.

"உசுரோட அதுல படுக்க மாட்டேன்டா."

"அப்ப செத்ததுக்கு அப்புறம் வந்து அளவு குடுப்பீங்களா?"

அப்பா சுற்றிப் பார்த்தார். "கீவிட்டைப் படுக்க வை" என்றார்.

கீவிட் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு படுத்தான். தச்சன் தலையையும் காலையும் பார்த்தான். தோளைத் தடவினான்.

"அட, ஒரே அச்சு!" என்றான்.

அம்மா மாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்றிருந்தாள். திரும்பி உள்ளே போனாள். தச்சன் தன் பேச்சு எங்கே போய் விழுந்தது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு எசமான்" என்றான் கீவிட் படுத்தபடியே. "காத்துதான் வரல."

அப்பா சிரித்தார். தச்சன் ஒரு தோல் வாரில் நீளத்துக்கு ஒரு முடிச்சும் தோளுக்கு ஒரு முடிச்சும் போட்டு, பரண் ஆணியில் மாட்டினான். பிறகு பெட்டியைப் பார்க்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரர், "ஹெர்மானஸ், இதுல நானும் என் பொண்டாட்டியும் சேர்ந்தே படுக்கலாம்டா, சண்டை போடாம இருந்தா" என்றார். அப்பாவுக்கு அது பெருமை.

ஆறு வருடம் கழித்து, எங்கள் பக்கத்துக் கோடையான மாசி மாத வெயிலில், சரிவில் இறங்கும்போது சக்கரத்தைத் தடுக்கும் சங்கிலி அறுந்தது. வண்டி கீவிட்டின் நெஞ்சு மேல் ஏறியது. மத்தியானம் உடலைக் கொண்டுவந்து கத்ரைனின் குடிசையில் கிடத்தினார்கள்.

சாயங்காலத்துக்கு முன் கத்ரைன் எங்கள் முன்வாசலுக்கு வந்தாள். முப்பத்துமூன்று வருடமாகச் சமையலறை வழியாகவே வந்தவள்.

"எசமான், பெட்டி கேக்க வந்திருக்கேன்."

அப்பா வாயிலிருந்து புகைக்குழாயை எடுக்கவில்லை. "எந்தப் பெட்டி?"

"பரண்ல இருக்கே, அது."

"உங்க ஆளுங்கள தோல்ல சுத்தித்தானே பொதைப்பீங்க? நல்ல எருதுத் தோலா பாத்து எடுத்துக்கோ. ரெண்டு எடுத்துக்கோ."

"தோலு என்கிட்டயே இருக்கு எசமான்." அவள் குரல் உயரவில்லை. "கப்பல்ல எழுபது பேரைச் சாக்குல கட்டிப் போட்டாங்கன்னு நீங்கதான் என்கிட்ட சொன்னீங்க. சொல்லிட்டு அழுதீங்க. என்னை மட்டும் மரத்துல வைக்கணும்னீங்க."

அம்மா ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"வாசல்ல வந்து கேட்டா இல்லன்னு சொல்லக்கூடாதாமே" என்றாள் கத்ரைன்.

"அது பண்ணைக்காரங்களுக்குள்ள."

"வாசல் இதுதானே. நான் இதுலதான நிக்கிறேன்."

அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கொடுக்கவும் முடியவில்லை. கொடுத்தால், வண்டியோட்டிக்கு எதற்குத் தன் பெட்டியைக் கொடுத்தான் என்று பனிமலை முழுக்கக் கேட்கும்.

"அலெட்டா, போய் அளந்துட்டு வா" என்றார் என்னிடம். "சேர்ந்தா பாக்கலாம். அவன் என்னைவிட நெட்டை. சேராது."

ஆணியிலிருந்து தோல் வாரை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போனேன். கீவிட்டின் முகத்தைக் கழுவியிருந்தார்கள். நான் வாரின் நுனியைக் குதிகாலில் வைத்தேன். கத்ரைன் மறுபக்கத்தைத் தலைக்கு இழுத்தாள். முடிச்சு உச்சியில் வந்து நின்றது. தோளுக்கு வைத்தேன். இரண்டாவது முடிச்சும் சரியாக வந்தது.

"பாத்துக்கோங்க சின்னம்மா" என்றாள்.

குடிசையிலிருந்து வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும். சேருது, சேருது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒரே வார்த்தைதான். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். அப்பா கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவேன். ஆனால் இந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "சேராதுல்ல?"

அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்திருந்தார். அப்பா பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சேராதுப்பா" என்றேன்.

கத்ரைன் எனக்குப் பின்னால் வந்திருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சின்னம்மா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"சேராது."

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்ன தோலு எங்க இருக்குதுங்க எசமான்?" என்று கேட்டாள்.

கீவிட்டை எருதுத் தோலில் சுற்றி, முழங்காலை மடக்கி, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் புதைத்துக் கல் அடுக்கினார்கள். அப்பா பட்டிச் சுவர் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று விளக்கு வைத்த பிறகு அம்மா கேட்டாள். "எவ்ளோ மிச்சம்?"

"எதும்மா?"

"அளந்தியே."

அம்மா கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "பரண்ல ஏறி பீச் எடுத்துட்டு வா."

ஏறி, பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்தேன். அப்பா அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் பீச் தின்று நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. கூழும் தங்கவில்லை. பதினைந்து மாதம் படுத்த படுக்கை. முதுகு வளைந்து, தோள் ஒடுங்கி, கடைசியில் நானே தனியாகத் தூக்கி உட்கார வைத்தேன். ஆடி மாதக் குளிரில், மலையில் பனி விழுந்த அன்று போய்விட்டார்.

எங்கள் பண்ணையில் பிணம் கழுவுவது கத்ரைன்தான். அம்மா அவளைக் கூப்பிடச் சொன்னாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். சமையலறை வழியாக வந்தாள். வெந்நீர் கேட்டாள். குழந்தையைக் கழுவுவது போல அவரைக் காது மடிப்பு வரை கழுவினாள். வேட்டைத் தழும்பு ஒன்று அவர் விலாவில் இருந்தது எனக்குத் தெரியாது. அவள் பார்க்காமலே அதன் மேல் துணியை ஓட்டினாள்.

அண்ணன்கள் பெட்டியை இறக்கி, வற்றலைச் சாக்கில் கொட்டினார்கள். கத்ரைன் எழுந்து ஆணியிலிருந்த தோல் வாரை எடுத்தாள். நுனியை அப்பாவின் குதிகாலில் வைத்து, தலை வரை இழுத்தாள். முடிச்சு அவர் தலையைத் தாண்டி நான்கு விரல் தள்ளி விழுந்தது. தோளுக்கு வைத்தாள். இரண்டு பக்கமும் இடம் கிடந்தது.

"சேராது சின்னம்மா" என்றாள்.

அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். கத்ரைன் வாரைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டு, அழுக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனாள்.

பெரியண்ணன் தலைமாட்டிலும் பக்கங்களிலும் வைக்கோலைத் திணித்து ஆணி அடித்தான். பெட்டியை வண்டியில் ஏற்றினோம். கல்லறை மேடு வரை கல் பாதை. வைக்கோல் போதவில்லை. சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும்போது உள்ளே அப்பா நகர்ந்து பலகையில் இடித்தார். அண்ணன்கள் பைபிள் சங்கீதத்தைச் சத்தமாகப் பாடினார்கள். நான் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். ஆட்டுப்பட்டியைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் என் உள்ளங்கையில் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகும் வந்தது.