கொடி இறங்கும் வரை

ஊரார் கொண்டுவந்து வைத்த உருளைக்கிழங்குத் தட்டுகளையும் பன்றிக்கறி ரொட்டிகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, சமையலறை மேசைமேல் மெர்ல் மாமா அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செத்தவனின் துப்பாக்கியை அழுக்கோடு பெட்டியில் வைப்பது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. கோரா அடுப்பருகே நின்று காபியைக் குடிக்காமலே ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வெடிதான் போட்டிருக்கான்." மாமா சட்டைப் பையிலிருந்து காலித் தோட்டாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "பக்கத்துல இதுதான் கெடந்துது. உங்கப்பனுக்குச் சனிக்கிழமை திறப்பு வரைக்கும் பொறுக்கல பாரு. ஊரையே கூப்பிட்டு வச்சிட்டு, மொத வெடிய யாருக்கும் தெரியாம அவனே போட்டுப் பாத்துட்டான்."

கோராவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. நேற்று மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த வெடி அவளுக்கும் கேட்டது. ரொம்ப நேரம் அடுத்த வெடி கேட்காமல் போகவே, துண்டில் கை துடைத்தபடி சுடும் மேடைக்குப் போனாள். அப்பா ஹார்லன் பாயில் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைத்தபடியே போயிருந்தார். மாரடைப்பு, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அதைக் கேட்டு அழுதாளே தவிர, குண்டைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை.

நெஞ்சு அடைத்தது வெடிக்கு முன்பா, பின்பா? முன்பென்றால் அந்தக் குண்டு எங்கே போய்த் தொலைந்தது?

"மாமா, தொலைநோக்கித் திருகு எந்த எண்ணுல நின்னுச்சு?"

மாமாவின் கை நின்றது. "அடச்சே! தூக்கினதுமே பூஜ்யத்துக்குத் திருப்பிட்டேனே. நாப்பது வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்குத் திருப்பிடுது. ஏம்மா?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. துப்பாக்கியை எடுத்து வைக்குமுன், தூரத்துக்கேற்பக் குறியை உயர்த்தும் அந்தத் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் எல்லோருக்கும் ஊறிப்போன ஒழுங்கு. அந்த ஒழுங்கே இப்போது குழி பறித்துவிட்டது. போன மாதம் ஐந்நூறு கஜத்தில் நட்டிருக்கும் இரும்புக் குறித்தட்டைச் சோதித்தபோது அப்பா திருகை ஒரு முழுச்சுற்று கூடுதலாகத் திருப்பிவிட்டார். குண்டு தட்டுக்கு எங்கோ மேலே, பின்னாலிருக்கும் மேட்டின் நெற்றியில் மண்ணைக் கிளப்பியது. "கண்ணு போச்சுடா கெழவா" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கடைசித் தட்டு நிற்கும் ஆயிரம் கஜத்தில் அதே தப்பு நடந்தால் குண்டு மேட்டையே தாண்டிவிடும். மேட்டுக்கு அப்பால் பக்கத்து நிலத்துக்காரி வெல்டாவின் வீடு இருக்கிறது.

அந்தத் துப்பாக்கி சுடும் திடலுக்காக அப்பா மூன்று வருஷம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சுடுகிறவன் கண்ணில் வெயில் விழக்கூடாதென்று வடக்குப் பார்த்துத் திசை பிடித்தார். மாடு மேய்ந்த பள்ளத்தாக்கில் கயிறு பிடித்து அளந்தார். எதிர்க் குன்றின் நடுவே ஓர் இறக்கம் விழுந்திருந்தது. மாமாவைப் புல்டோசரில் உட்காரவைத்து, ஒரு கோடை முழுக்க மண் தள்ளி அதை அடைத்தார். அப்படியும் மாவட்டக் கூட்டத்தில் வெல்டா எழுந்து நின்று, "குண்டு என் சமையலறை ஜன்னல்ல பூந்தா நீயா வந்து ஒட்டுவ?" என்று கேட்டாள். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு குண்டு தாண்டட்டும் வெல்டா. அதே புல்டோசரால எல்லாத்தையும் தரைமட்டமாக்கிட்டுப் போறேன்."

கோரா கூடத்துக்குப் போய் வெல்டாவுக்கு ஃபோன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி செய்தாள். எழுபது வயதுப் பொம்பளை, தனியாக இருக்கிறவள், இந்தக் காலை நேரத்தில் எங்கே போவாள்? சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் தட்டோடு வந்துவிட்டுப் போனார்கள். வெல்டா மட்டும் வரவில்லை.

"கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

"வண்டிய எடுக்காத, சேறு இழுத்துரும்," என்றார் மாமா. பிறகு ஜன்னல் வழியே, சுடும்போது உயரக் கம்பத்தில் ஏற்றும் சிவப்புக் கொடியைப் பார்த்து, "அந்தக் கொடியையாவது எறக்கட்டுமா?" என்றார்.

"இருக்கட்டும் மாமா. அப்பா ஏத்தினது." நேற்றிரவும் இதையேதான் சொன்னாள்.

மேடையிலிருந்து பார்த்தால் பள்ளம் முழுக்கப் பனிமூட்டம் அடைத்துக் கிடந்தது. அப்பாவின் பெரிய தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்தும் பால்வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கோரா இறங்கி நடந்தாள். சேற்றில் கால் புதைந்து புதைந்து வந்தது. ஐந்நூறு கஜத் தட்டைத் தாண்டினாள். கடைசித் தட்டில் தடம் இல்லையென்றால் மேட்டுக்கு அப்பால் போய்ப் பார்த்தாக வேண்டும். அங்கே என்ன கிடக்குமோ என்ற நினைப்பை அவள் பல்லைக் கடித்து விரட்டினாள். 'பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் குடுத்தியே அப்பா' என்று கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது.

பனிக்குள்ளிருந்து கடைசித் தட்டு மெல்லத் தெரிந்தது. நேற்றுக் காலையில்தான் அப்பா அதற்கு வெள்ளை அடித்தார். பெயின்ட் கறையோடுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அவள்கூடத் திட்டினாள். கோரா பக்கத்தில் போனாள். பளிச்சென்று வெள்ளை. நடுவில் ஒன்றுமே இல்லை.

பிறகு பார்த்தாள். இடது பக்கம், அடியில், விளிம்புக்கு நாலு விரல் உள்ளே பெயின்ட் சிதறி ஈயம் தெறித்த சாம்பல் வட்டம் ஒன்று இருந்தது. அதன்மேல் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். விரல் நுனியில் கரி ஒட்டியது.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னாள். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் படாததற்கு அவர் சொல்லியிருக்கக்கூடிய சமாதானம் அவளுக்குத் தெரியும். 'காத்தும்மா, காத்து இழுத்துருச்சு.' அதை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மேட்டுக்கு அப்பாலிருந்து கார் ஹாரன் கத்தியது.

அவள் மண்ணைப் பற்றி ஏறிப் பார்த்தாள். வெல்டாவின் நிலத்திலிருந்து வரும் பாதையின் வாயிலில் அவளுடைய பழைய வண்டி நின்றது. வெல்டா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். மடியில் துணி மூடிய தட்டு ஒன்று இருந்தது.

"கொடி பறக்கையில குறுக்க நடந்து வர்றியே, அறிவிருக்கா உனக்கு?"

"வெல்டா! நீங்க... ஃபோன் அடிச்சேன், எடுக்கலையே?"

"வீட்ல இருந்தாத்தான எடுக்க? பொழுது விடிஞ்சதுலேருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். உங்கப்பன் செத்த சேதி ராத்திரிதான் வந்துது. ஆப்பிள் பை பண்ணி எடுத்துட்டு வந்தா, இந்தச் சனியன் கொடி எறங்கவே மாட்டேங்குது."

"யாரும் சுடல வெல்டா. வந்திருக்கலாமே."

"எப்படி வர்றது? கொடி இருந்தா இந்த வாசலத் தாண்ட மாட்டேன்னு நானும், மேட்டத் தாண்டிக் குண்டு வராதுன்னு அவனும் கைகுலுக்கிப் பேசுன பேச்சு. அவன் செத்துட்டான்னு நான் பேச்சு மாறுறதா? நல்லாருக்கே!" வெல்டா மூக்கை உறிஞ்சினாள். "அவன் பேச்சு மாறலியே."

கோரா சரிவில் இறங்கி வண்டியருகே வந்தாள். "நேத்து... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"வெடியா? கேக்காம? பின்னாலயே 'டங்'குன்னு தட்டும் பாடிச்சு. துணி காயப் போட்டுட்டிருந்தேன். ஒழிஞ்சுதுடா, கெழவன் அடிச்சே புட்டான்னு நெனச்சேன்." அவள் கண்ணாடியைக் கழற்றித் தட்டை மூடிய துணியாலேயே துடைத்தாள். "ஒன்னு சொல்றேன் கேளு, எனக்கே கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வெளிய சொல்லிராத."

கோரா ஜன்னலுக்குள் கை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, போலாம்," என்று கோரா கதவைத் திறக்கப் போனாள்.

வெல்டா கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்தாள். "கொடி?"

"வெல்டா, நானே கூப்பிடறேன்..."

"நீ யாரு கூப்பிட? கொடி எறங்கட்டும், வரேன். போ, ஆப்பிள் பை ஆறிப்போச்சு ஏற்கெனவே."

கோரா வந்த வழியே திரும்பி நடந்தாள். பனி கலைந்துகொண்டிருந்தது. அதே சேறுதான், ஆனால் கால் இப்போது லேசாக எழுந்தது. வெள்ளைத் தட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மேடையருகே மெர்ல் மாமா எண்ணெய்த் துணியோடு நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அப்பா போட்ட முடிச்சு இறுக்கமாக இருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். கயிறு கிறீச்சிட, சிவப்புத் துணி மடங்கி மடங்கி இறங்கி அவள் கைகளில் விழுந்தது. அது பனியில் நனைந்து கனத்திருந்தது.

தூரத்தில், மேட்டுக்கு அப்பால், வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.